"80,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை" என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? சுச்சின்ஷான்–அட்லஸ் வால்மீனின் கண்டுபிடிப்பும் பாதையும்

ஆயர் ஈத்தாம் ஆசிரியை | 8 அக்டோபர் 2024

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் கழகத்துக்கு ஓர் அறிவிப்புப் பலகை தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை முதல் மாலையில் மேற்கு வானில் சுச்சின்ஷான்–அட்லஸ் வால்மீன் வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடும் என்பதால், பிள்ளைகள் பெற்றோரோடு சென்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் வரும் செய்திகள் எல்லாவற்றிலும் ஒரே வரிதான் இருக்கிறது: "80,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வால்மீன், இதைக் கடைசியாகப் பார்த்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள்."

இந்த வரியைப் பலகையில் எழுதும்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "எண்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால வந்துச்சுன்னு யார் டீச்சர் எழுதி வச்சது?" என்று கேட்டாள். யாரும் எழுதி வைத்திருக்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள் என்று பதில் சொன்னேன். "அப்படின்னா அந்தக் கணக்கு எப்படி?" என்பது அவளுடைய அடுத்த கேள்வி. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி அந்தக் கணக்கை யாராவது எடுத்துச் சொல்ல முடியுமா? அதைவிட முக்கியமாக, அந்த வரியைப் பலகையில் எழுதலாமா என்பதையும் சொல்லுங்கள்.

---

பாயான்வாசி | 8 அக்டோபர் 2024

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்த வரியை எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் மாணவியின் கேள்விக்கு அந்த மரியாதை தர வேண்டும்.

வால்மீன் சூரியனைச் சுற்றும் பாதையின் வடிவத்தை ஓர் எண் சொல்லிவிடும். அதற்கு மையத்தொலைத் தகவு என்று பெயர். அது 0 என்றால் பாதை முழு வட்டம். 0க்கும் 1க்கும் இடைப்பட்டது என்றால் நீள்வட்டம். 1ஐ நெருங்க நெருங்க நீள்வட்டம் மெலிந்து நீண்டுகொண்டே போகும். சரியாக 1 என்றால் பரவளையம், 1ஐத் தாண்டினால் அதிபரவளையம். இந்த இரண்டு பாதைகளும் மூடாதவை. அவற்றில் செல்லும் பொருள் சூரியனை ஒரு முறை நெருங்கிவிட்டு விலகிச் சென்றுகொண்டே இருக்கும். ஆகவே "எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை" என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டுமானால், அந்த எண் 1க்குக் கீழே இருந்தே ஆக வேண்டும்.

இந்த வால்மீன் கடந்த செப்டம்பர் 27ஆம் நாள் சூரியனுக்கு மிக அருகில் சென்றது. அப்போது தூரம் 0.391 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம் ஓர் அலகு), அதாவது ஏறக்குறைய 5 கோடியே 85 இலட்சம் கிலோமீட்டர். புதன் கோளின் சராசரித் தூரமும் இதை ஒட்டியதுதான். இந்தத் தூரத்தை, 1இலிருந்து மையத்தொலைத் தகவைக் கழித்தால் வரும் மீதியால் வகுத்தால், நீள்வட்டத்தின் நீண்ட அச்சில் பாதி கிடைக்கும். கெப்லரின் மூன்றாம் விதிப்படி அந்த எண்ணை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் சுற்றுக்காலம் ஆண்டுக்கணக்கில் வந்துவிடும். கணிப்பான் கையில் இருந்தால் மேல்நிலை வகுப்பு மாணவர்களே செய்து பார்க்கலாம்.

தகவு 0.9998 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.391ஐ 0.0002ஆல் வகுத்தால் 1,955. சுற்றுக்காலம் ஏறக்குறைய 86,000 ஆண்டுகள். நாளிதழ்களில் வந்த எண்பதாயிரமும் இந்த இடத்தில் பிறந்ததுதான். தொடக்க மாதங்களில் வெளியான பாதைக் கணக்கில் தகவு 0.9998ஐ ஒட்டி இருந்தது. இப்போது நான்காம் தசம இடத்தில் ஒன்றே ஒன்றைக் கூட்டி 0.9999 என்று வைத்தால், 3,910 அலகு, ஏறக்குறைய 2,44,000 ஆண்டுகள். ஒன்றைக் குறைத்து 0.9997 என்று வைத்தால் 47,000 ஆண்டுகள். நான்காம் தசமத்தில் ஏற்படும் மிகச் சிறிய அசைவு நாற்பத்தேழாயிரத்தை இரண்டரை இலட்சம் வரைக்கும் இழுத்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு கிடைத்த அளவீடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கில், சூரியனை நெருங்கிய வேளையில் இதன் தகவு 1.0001ஐ ஒட்டி இருக்கிறது. அதாவது 1ஐத் தாண்டிவிட்டது. எண்பதாயிரம் என்ற எண்ணுக்கு அடித்தளமே இல்லாமல் போய்விட்டது. செய்தித்தாள்கள் மட்டும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நியாண்டர்தால் மனிதர் கதை அந்த எண்ணின் மேல் கட்டப்பட்டது. எண் விழுந்தால் கதையும் விழ வேண்டியதுதான்.

---

செந்தூல் வாசகர் | 8 அக்டோபர் 2024

பாயான்வாசியின் விளக்கம் மிக நன்று. அந்த முதல் கணக்கு ஏன் அப்படி அமைந்தது என்பதைக் கண்டுபிடிப்பு வரலாறு தெளிவுபடுத்தும் என்பதால் அதை இங்கே சேர்க்கிறேன். பிள்ளைகளுக்கும் இது பிடிக்கும் என்று நம்புகிறேன்.

2023 சனவரி 9ஆம் நாள், சீனாவின் ஊதாமலை வானாய்வகத்தைச் சேர்ந்த சூயீ நிலையத்தில் எடுத்த படங்களில் இந்தப் பொருள் முதலில் அகப்பட்டது. அப்போது அது பதினெட்டாம் ஒளித்தரத்துக்கும் மங்கலான ஒரு புள்ளி. உலகெங்கும் எடுக்கும் அளவீடுகளைத் திரட்டும் சிறுகோள் மையத்தின் உறுதிப்படுத்தும் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். இப்படிச் சேர்க்கப்படும் பொருளை உலகின் வேறு ஆய்வகங்களும் பார்த்து அளந்து அனுப்ப வேண்டும். இதற்கு அப்படி எந்த அளவீடும் வரவில்லை. தொலைந்த பொருள் என்று கருதிச் சனவரி 30ஆம் நாள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 22ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி புதிய பொருள் ஒன்றைக் கண்டது. அட்லஸ் என்பது பூமியில் மோதக்கூடிய சிறுகோள்களை முன்கூட்டியே கண்டறிய ஹவாய் பல்கலைக்கழகம் நடத்தும் கண்காணிப்பு அமைப்பு. அதன் தொலைநோக்கிகள் ஹவாயிலும் சிலியிலும் தென்னாப்பிரிக்காவிலும் இரவு தோறும் வானத்தைத் துழாவுகின்றன. அங்கு அகப்பட்டது சிறுகோள் போலத்தான் தெரிந்தது. பாதையைக் கணக்கிட்டுப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தபோதுதான், சீனாவில் தொலைந்துபோன அதே பொருள் இது என்பது புலப்பட்டது. கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 2022 டிசம்பர் 22ஆம் நாளே எடுத்திருந்த படங்களிலும் அது இருந்தது. அந்தப் படங்களில் சிறு வால் கூடத் தெரிந்தது. வால்மீன் என்பது அப்படித்தான் உறுதியாயிற்று.

அதன் அலுவல்முறைப் பெயரான சி/2023 ஏ3 என்பதிலேயே இந்த வரலாறு பொதிந்திருக்கிறது. ஆண்டின் ஒவ்வொரு அரைமாதத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. 'ஏ' சனவரியின் முதல் பாதி. பிப்ரவரியின் பின்பாதிக்கு உரியது 'டி'. தென்னாப்பிரிக்கக் கண்டுபிடிப்பை மட்டும் கணக்கில் எடுத்திருந்தால் 'டி' என்றே பெயர் அமைந்திருக்கும். தொலைத்தவர்களுக்கும் உரிய மரியாதை தந்து, இரு ஆய்வகங்களின் பெயரையும் சேர்த்து வைத்தது எனக்கு மிகவும் பிடித்த நியாயம்.

கணக்குக்கு வருகிறேன். அட்லஸ் கண்ட நாளில் அது சூரியனிலிருந்து ஏறக்குறைய 7.3 வானியல் அலகு தொலைவில், வியாழனின் பாதைக்கும் அப்பால் இருந்தது. அவ்வளவு தூரத்தில், சில வாரங்களில் அது கடந்த வளைவு மிகக் குட்டையானது. பினாங்கின் இரண்டாவது பாலம் கடலின் மேல் நீளமாக வளைந்து செல்வதை நாம் அறிவோம்; அதன் நடுவில் பத்து மீட்டரை மட்டும் காட்டி, பாலம் எந்தக் கரையில் எங்கே போய் முடிகிறது என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? தொடக்க மாதங்களில் கணித்தவர்களின் நிலை அதுதான். அவர்கள் பிழை செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கிடைத்த வளைவுக்கு ஏற்ற விடையைத்தான் தந்தார்கள்.

---

ஓய்வாசிரியர் பிறை | 9 அக்டோபர் 2024

தம்பிகள் இருவரும் எழுதியதைக் கவனமாகப் படித்தேன். உங்கள் கணக்கில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

1986இல் ஹாலி வால்மீன் வந்தபோது நான் கெடாவில் ஒரு தோட்டப் பள்ளியில் இளம் ஆசிரியர். விடியற்காலையில் பால்மரம் சீவப் போகிறவர்கள், பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) முன்பே திடலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தையே எட்டாதவர்கள் கூட "எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருக்கா வருமாமே வாத்தியாரே" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த ஓர் எண்தான் அவர்களை இருட்டில் நிற்க வைத்தது. என் தாத்தா பார்த்தார், என் பேரன் பார்ப்பான் என்ற எண்ணம் அதில் இருந்தது. இன்று கைப்பேசியை விட்டுத் தலையை நிமிர்த்தாத பிள்ளைகளைக் கடற்கரைக்கு வரவழைக்க எண்பதாயிரம் என்ற எண் உதவுமானால், அதைப் பறிக்கத்தான் வேண்டுமா?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஹாலி வால்மீனின் வருகையை 18ஆம் நூற்றாண்டிலேயே சரியாகச் சொன்னார்கள். இன்றைக்கு இவ்வளவு கருவிகள் இருந்தும் ஒரு வால்மீன் திரும்பி வருமா வராதா என்று சொல்ல முடியவில்லை என்றால், பிள்ளைகள் அதை எப்படி ஏற்றுக்கொள்வார்கள்?

---

பாயான்வாசி | 9 அக்டோபர் 2024

ஐயா, தங்கள் இரண்டாம் கேள்விக்கு முதலில் பதில் தருகிறேன். அதிலேயே முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

எட்மண்ட் ஹாலி 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று வால்மீன்களின் பாதைகளைக் கணக்கிட்டு, மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைக் கண்டார். ஒரே வால்மீன் மூன்று முறை வந்திருக்கிறது என்று முடிவு செய்து, 1758 வாக்கில் மறுபடியும் வரும் என்றார். அவரிடம் மூன்று வருகைகள், அதாவது இரண்டு முழுச் சுற்றுகள் இருந்தன. நமது வால்மீனுக்கு ஒரு சுற்றின் நுனி மட்டுமே நம் கையில் இருக்கிறது. அடிப்படை வேறுபாடு அதுதான்.

அடுத்து, அதே தசமக் கணக்கை ஹாலிக்கும் போட்டுப் பாருங்கள். அதன் தகவு 0.967, சூரியனுக்கு மிக அருகில் வரும் தூரம் 0.586 வானியல் அலகு. நான்காம் தசமத்தில் ஒன்றை மாற்றினால் சுற்றுக்காலம் ஏறக்குறைய நான்கு மாதங்கள்தான் மாறுகிறது. அதே அளவு மாற்றம் சுச்சின்ஷான்–அட்லஸுக்கு ஒன்றரை இலட்சம் ஆண்டுகளை மாற்றுகிறது. பாதை மூடாமல் போகும் எல்லையான 1ஐத் தகவு நெருங்க நெருங்கக் கணக்கின் உணர்திறன் இப்படிப் பெருகுகிறது. கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

ஹாலியின் கணக்கு கூட எளிதாக முடிந்துவிடவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வழியில் வியாழனும் சனியும் அந்த வால்மீனை இழுக்கின்றன. அந்த இழுப்பைக் கணக்கிட அலெக்சி கிளேரோ, ஜெரோம் லலாண்ட், நிக்கோல்-ரேன் லெபோத் ஆகிய மூவரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே எண்களை எழுதித் தீர்த்தார்கள். கோள்களின் இழுப்பால் 618 நாள் தாமதம் ஏற்படும், 1759 ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்பது அவர்கள் கண்ட விடை. டிரெஸ்டன் நகருக்கு அருகில் விவசாயம் செய்துகொண்டே வானத்தைப் படித்த யோகான் பாலிச், 1758 டிசம்பர் 25ஆம் நாள் இரவு அதைக் கண்டார். அது சூரியனை நெருங்கியது 1759 மார்ச் 13ஆம் நாள். தாங்கள் சொல்லும் எழுபத்தாறு கூட நிலையான எண் அன்று. கோள்களின் இழுப்புக்கு ஏற்ப அது சில ஆண்டு கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது.

நாம் கண்ணால் பார்த்த வால்மீன்களிலேயே இதற்குச் சான்று உண்டு. 1997இல் எல்லோரும் பார்த்த ஹேல்–பாப் வருவதற்கு முன் ஏறக்குறைய 4,200 ஆண்டுச் சுற்றில் இருந்தது. 1996 ஏப்ரலில் வியாழனுக்கு அருகில் சென்றதால் அது ஏறக்குறைய 2,500 ஆண்டாகக் குறைந்துவிட்டது. 2020இல் வந்த நியோவைஸ் இதற்கு நேர்மாறு; ஏறக்குறைய 4,400 ஆண்டுச் சுற்றில் வந்து, 6,700 ஆண்டுச் சுற்றில் திரும்பிப் போனது. வரும் பாதையும் போகும் பாதையும் ஒன்றல்ல. ஆகவே "இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை" என்ற சொல்லாட்சியே இத்தகைய வால்மீன்களுக்குப் பொருந்தாது.

தாங்கள் சொன்ன அந்தத் தோட்டத்துத் திடல் எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுகிறது. எழுபத்தாறு என்ற எண் அவர்களை நிற்க வைத்தது உண்மை. அந்த எண் உண்மையானது என்பதால்தான் அந்த நம்பிக்கை வீண்போகாது. 2061இல் ஹாலி வரும். எண்பதாயிரத்தின் பெயரில் ஒரு பிள்ளையை அழைத்துச் சென்று, பின்னாளில் அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் படித்து அது தவறான எண் என்று அறிந்துகொண்டால், நாம் சொன்ன மற்றவற்றையும் சேர்த்தே ஐயுறும். "இதை மறுபடியும் யாரும் பார்க்காமலே போகலாம்" என்பது எண்பதாயிரத்தைவிடப் பெரிய செய்தி. அதுவும் உண்மை.

---

ஓய்வாசிரியர் பிறை | 9 அக்டோபர் 2024

ஹாலியின் நான்கு மாதமும் இதன் ஒன்றரை இலட்சம் ஆண்டும் என்ற ஒப்பீடு எனக்குத் தெளிவாக விளங்கிவிட்டது. ஆனாலும் பிள்ளைகளுக்கு ஏதாவது ஓர் எண் வேண்டும் என்ற கருத்தில் நான் அப்படியே இருக்கிறேன். உண்மையான எண் எது என்று பார்த்துக் கொடுங்கள்.

---

புலாவ் பெத்தோங் | 10 அக்டோபர் 2024

கணக்கு நடக்கட்டும், பார்க்கும் வழியையும் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் பினாங்குத் தீவின் மேற்குக் கரையில் வசிக்கிறேன்.

ஆயர் ஈத்தாமிலிருந்து பார்க்க முயல வேண்டாம். மேற்கே கொடிமலை மறைத்துவிடும். ஜார்ஜ்டவுன் கடற்கரை கிழக்கைப் பார்த்தது, அதனாலும் பயனில்லை. புலாவ் பெத்தோங், பந்தாய் ஆச்சே போன்ற இடங்களில்தான் கடலின் விளிம்பு வரைக்கும் மேற்கு திறந்திருக்கிறது. பிறை பார்ப்பதற்கென்றே ஷேக் தாஹிர் வானியல் மையத்தைப் பந்தாய் ஆச்சேயில் அமைத்தது இதனால்தான்.

இப்போது சூரியன் மறைவது இரவு 7.05 மணி அளவில். ஏழரை மணி வாக்கில், தென்மேற்கில் மிகப் பிரகாசமாக வெள்ளிக்கோள் தெரியும். அதிலிருந்து வலப்பக்கமாக, வடமேற்கில் தாழ்ந்திருக்கும் சுவாதி விண்மீனை நோக்கிக் கண்ணை நகர்த்துங்கள். 12, 13ஆம் தேதிகளில் வால்மீன் இவ்விரண்டுக்கும் நடுவே, கீழ்வானத்தை ஒட்டி இருக்கும். நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறக்குறைய பத்துப் பாகை. முதல் நாள்களில் அந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். பிறகு நாளுக்கு நாள் மேலே ஏறும், ஆனால் ஒளி குறைந்துகொண்டே போகும். 17ஆம் தேதி முழுநிலவு என்பதால் அதையொட்டிய நாள்களில் வால் மங்கலாகத் தெரியும். எட்டு மணிக்கு மேல் முதல் நாள்களில் கடலில் இறங்கிவிடும், தாமதிக்கக் கூடாது. இங்கு அக்டோபர் மழை மாதம். மாலையில் இடிமழை பெய்து ஓய்ந்த பிறகு மேற்கு சட்டென்று திறக்கும் நாள்களும் உண்டு. மழை வந்துவிட்டது என்று உடனே வீடு திரும்ப வேண்டாம்.

எனக்கு ஒரு கேள்வி. இது சூரியனை நெருங்கும் முன்பே சிதைந்துவிடும் என்று சூலை மாதம் படித்தேன். பிறகு எப்படித் தப்பியது?

---

செந்தூல் வாசகர் | 10 அக்டோபர் 2024

நீங்கள் படித்தது ஸ்டெனெக் செகானினாவின் கட்டுரையைப் பற்றிய செய்தியாக இருக்கும். வால்மீன்களை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருபவர் அவர். சூலையில் அவர் மூன்று அறிகுறிகளை எடுத்துக்காட்டினார். சூரியனை நெருங்க நெருங்கக் கூட வேண்டிய பிரகாசம் தேங்கி நின்றது. பாதையில் ஈர்ப்பினால் மட்டும் விளக்க முடியாத சிறு விலகல் இருந்தது. தூசு வாலின் வடிவமும் வழக்கத்துக்கு மாறாக, மெலிந்த கண்ணீர்த்துளி போல இருந்தது. வால்மீனின் உட்கரு உடையத் தொடங்கிவிட்டது, சூரியனை எட்டும் முன் கலைந்துவிடும் என்பது அவருடைய முடிவு.

அது நடக்கவில்லை. இருந்தாலும் அவர் எச்சரித்ததில் தவறில்லை. 2013இல் ஐசான், 2020இல் இன்னோர் அட்லஸ் வால்மீன் என இரண்டும் பெரும் எதிர்பார்ப்பை ஏற்படுத்திவிட்டுச் சிதைந்துபோனவை. பனியும் தூசும் இறுகிய சிறு உடல் வெப்பத்தைத் தாங்குமா என்பதை முன்கூட்டிச் சொல்வது, அதன் பாதையைச் சொல்வதைவிடக் கடினம். பாதைக் கணக்கு இவ்வளவு உறுதியாக இருக்கும்போதே, பாதையில் செல்லும் பொருள் நாளை இருக்குமா என்பது தெரியாது. வால்மீன் ஆய்வில் என்னை ஈர்ப்பது இந்த இரட்டை நிலைதான்.

தற்போது அது பூமிக்கும் சூரியனுக்கும் ஏறக்குறைய நேர் நடுவில் சென்றுகொண்டிருக்கிறது. தூசுத் துகள்கள் சூரிய ஒளியை நம் பக்கமாக முன்னோக்கிச் சிதறடிப்பதால் மிகவும் பிரகாசமாக இருக்கிறது. ஆனால் பகல் ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாது. சூரியனைக் கண்காணிக்க 1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் படங்களில் இந்த வாரம் முழுவதும் காணலாம். ஆசிரியை அவர்கள் அந்தப் படங்களை வகுப்பில் காட்டலாம்.

---

ஆயர் ஈத்தாம் ஆசிரியை | 11 அக்டோபர் 2024

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நவராத்திரி வழிபாட்டுக்கு நடுவிலும் பலகையை மாற்றி எழுதிவிட்டேன். ஓய்வாசிரியர் ஐயா கேட்ட எண்களையும் சேர்த்திருக்கிறேன். சரிபார்த்துச் சொல்லுங்கள்:

"2023ஆம் ஆண்டு சீனாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வால்மீன், சூரியக் குடும்பத்தின் மிகத் தொலைவான விளிம்பிலிருந்து வந்தது. செப்டம்பர் 27ஆம் நாள் சூரியனை நெருங்கியபோது அதன் வேகம் நொடிக்கு 67 கிலோமீட்டர். அக்டோபர் 12ஆம் நாள் பூமிக்கு மிக அருகில், ஏறக்குறைய 7 கோடி கிலோமீட்டர் தொலைவில் செல்கிறது. இது மறுபடியும் வருமா என்பது உறுதியில்லை. வந்தாலும் பல இலட்சம் ஆண்டுகள் ஆகலாம்."

---

பாயான்வாசி | 11 அக்டோபர் 2024

எல்லாம் சரி. வேகத்தையும் நீங்கள் குறிப்பிட்டது மகிழ்ச்சி. இடம் இருந்தால் ஒன்றைச் சேருங்கள்: கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் இது செல்கிறது. பாதையின் சாய்வு 139 பாகை. எதிரெதிரே கடப்பதால்தான் ஒரு வாரத்துக்குள் காலை வானத்திலிருந்து மாலை வானத்துக்குத் தாவிவிடுகிறது.

---

புலாவ் பெத்தோங் | 15 அக்டோபர் 2024

நேற்று மாலை மழை விட்ட பிறகு கண்டோம். 7.40 மணிக்கு வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. தலைப்பகுதி சிறு விண்மீன் போலவும், வால் மேல்நோக்கி இடப்பக்கம் சாய்ந்த வெண்கீற்றாகவும் இருந்தது. நேராகப் பார்ப்பதைவிடச் சற்றுத் தள்ளிப் பார்த்தால் வால் நீளமாகத் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் சில குடும்பங்களோடு வந்திருந்தார்கள்.

கைப்பேசியில் பத்து நொடி திறப்பில் எடுத்த படத்தில், தலைக்குக் கீழே, சூரியன் மறைந்த பக்கமாகவும் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். இது படத்தின் கோளாறா?

---

பாயான்வாசி | 15 அக்டோபர் 2024

கோளாறு இல்லை. நீங்கள் எடுத்திருப்பது எதிர்வால். வால்மீன் பல வாரங்களாக உதிர்த்த கனமான தூசு, அதன் பாதைத் தளத்திலேயே தகடு போலப் பரவிக் கிடக்கிறது. சூரிய ஒளியின் அழுத்தம் நுண்துகள்களைத் தூரத் தள்ளுகிறது. பெரிய துகள்கள் அவ்வளவாக நகர்வதில்லை. இந்த நாள்களில்தான் பூமி அந்தத் தளத்தைக் கடக்கிறது. தகட்டை விளிம்பிலிருந்து பார்ப்பதால் அது கூரிய கோடாகத் தெரிகிறது. நாம் நிற்கும் கோணத்தால் சூரியனை நோக்கி நீள்வது போலத் தோன்றுகிறது. இன்னும் ஓரிரு நாளில் மறைந்துவிடும். தாளில் எழுதிய பாதைத் தளத்தை நேரடியாகக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு இது. அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

---

ஆயர் ஈத்தாம் ஆசிரியை | 16 அக்டோபர் 2024

அதே மாணவியும் தன் அப்பாவோடு வந்து பார்த்துவிட்டாள். இப்போது அடுத்த கேள்வியோடு நிற்கிறாள். தகவு 1ஐத் தாண்டினால் பாதை மூடாது என்று விளக்கியிருந்தேன். "அப்படின்னா இது வேற நட்சத்திரத்துல இருந்து வந்ததா டீச்சர்?" என்று கேட்கிறாள்.

---

பாயான்வாசி | 16 அக்டோபர் 2024

அருமையான கேள்வி. இல்லை என்பதே பதில். எப்படித் தெரியும் என்பதையும் எண்ணாலேயே காட்டலாம்.

வேறு விண்மீனிலிருந்து வந்த வால்மீன் ஒன்றை நாம் அறிவோம். கிரைமியாவில் கெனாடி போரிசோவ் என்பவர் 2019 ஆகஸ்டு 30ஆம் நாள் கண்டது அது. அதன் தகவு 3.36. சூரியனின் ஈர்ப்பு எட்டாத தூரத்திலேயே அது நொடிக்கு ஏறக்குறைய 32 கிலோமீட்டர் வேகத்தோடு வந்தது. நமது வால்மீனின் 1.0001 என்ற தகவை வைத்து அதே கணக்கைப் போட்டால், வெகுதூரத்தில் மிஞ்சும் வேகம் நொடிக்கு அரைக் கிலோமீட்டர் கூட இல்லை. விண்மீன்கள் ஒன்றுக்கொன்று நொடிக்குப் பல பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் நகர்கின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து வந்தது இவ்வளவு மெதுவாக வராது.

பிறகு 1ஐ எப்படித் தாண்டியது என்றால், வியாழன் முதலான கோள்கள் வழியில் தந்த சிறு இழுப்பும், வால்மீனிலிருந்து பீறிடும் வாயு தரும் சிறு உந்துதலும் போதும். சூரியனும் அசையாமல் நிற்பதில்லை. வியாழனின் இழுப்பால் அது சற்றே ஆடுகிறது. அருகில் வந்தபோது சூரியனை மட்டும் மையமாக வைத்து அளந்தால் 1ஐத் தாண்டியதாகத் தெரியும் வால்மீன், வெகுதூரத்தில் சூரியக் குடும்பம் முழுவதன் நிறைமையத்தை வைத்து அளந்தால் நீள்வட்டத்திலேயே இருக்கவும் கூடும். அதனால்தான் "வராது" என்று எழுதாமல் "வருமா என்பது உறுதியில்லை" என்று நீங்கள் எழுதியது சரி என்றேன். புறப்பட்ட இடம் ஊர்ட் மேகம், அதாவது சூரியக் குடும்பத்தின் விளிம்பில் உள்ள பனிப்பொருள்களின் கூட்டம். அதுவும் நம் சூரியனுக்கு உரியதுதான். அவளிடம் 1.0001ஐயும் 3.36ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.